செட்டில்மென்ட் என்பது உயில் அன்று

கேள்வி: எனக்கு வயது 67, கணவர் இல்லை. என் காலத்துக்குப் பிறகு மகனுக்குச் சேரும் என்று நினைத்து வீட்டை அவனுக்குச் செட்டில்மென்ட் எழுதினேன். அவனோ பட்டாவை மாற்றிக்கொண்டு வீட்டைக் காலி செய்யச் சொல்கிறான். பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா?

பதில்: பையன் வெளிநாட்டில் செட்டில் ஆகிவிட்டான் என்கிறோம், மளிகைக் கடைப் பாக்கியைச் செட்டில் செய்கிறோம், வேலையை விட்டவருக்கு ஃபைனல் செட்டில்மென்ட் வருகிறது. இப்படிக் கணக்குத் தீர்ப்பதாகவே பழகிய சொல், சார்பதிவாளர் அலுவலகத்தில் தானம் என்று பொருள்படும். பதிவாகி மகன் ஏற்றுக்கொண்டதுமே வீடு அவருடையதாகிவிட்டது. உயிரோடு இருக்கும்வரை நினைத்தபோது மாற்றி எழுதக்கூடியது உயில்தான்.

இதைச் சொல்ல வேண்டிய பத்திர எழுத்தர் பெரும்பாலும் சொல்வதில்லை. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய்தான் என்று ஆசை காட்டுவார்; பிறகு கம்ப்யூட்டரில் கிடக்கும் பழைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி, "எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய எனக்கு உரிமை இல்லை" என்ற வரியையும் சேர்த்தே அச்சிட்டுவிடுவார். பதிவு செய்யும் அலுவலகமும் கைரேகையைக் கவனிக்கும் அளவுக்கு, கைநாட்டு வைப்பவருக்கு விஷயம் புரிந்ததா என்பதைக் கவனிப்பதில்லை.

இப்போது சில தரகர்கள் ரத்துப் பத்திரம் போட்டுத் தருவதாக உங்களிடம் வருவார்கள்; பணம் கொடுத்துவிடாதீர்கள். மகன் கையெழுத்து இல்லாமல் அப்படி ஒருதலையாக ரத்து செய்வது செல்லாது.

உங்களுக்குள்ள வழி, 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு. 60 வயது கடந்தவர், தம் அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, பெற்றவர் அதை மீறினால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். சிக்கல் அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. அப்படி ஒரு நிபந்தனையே இல்லாத வழக்கில் பத்திரத்தை ரத்து செய்ய முடியாது என்று 2022 டிசம்பரில் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் வந்த வேறொரு வழக்கில், மகன் தனியாக எழுதிக் கொடுத்த உறுதிமொழியையும் சேர்த்துப் படித்துத் தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆகவே பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்கி, "பராமரித்து வர வேண்டியது" என்பது போன்ற வாசகமோ, "ஆயுள்கால அனுபவ உரிமை" என்ற சொற்களோ இருக்கின்றனவா என்று வரிவரியாகப் பாருங்கள். பின்னது இருந்தால், ரத்து செய்யாமலேயே உங்கள் ஆயுள் முழுவதும் அங்கே குடியிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால், மகன் தனியாக எழுதிக் கொடுத்த காகிதம் ஏதேனும் இருக்கிறதா என்று தேடி எடுத்து, அதோடு கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள்.