வெட்டாறும் பினாங்குக் கப்பலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் குடவாசலுக்குத் தெற்கே, வெட்டாற்றின் வடகரை. கொள்ளுத்தாத்தா 1880 வாக்கில் பினாங்குக்குக் கப்பலேறியவர். வெட்டாறு நாகூரில்தானே கடலில் கலக்கிறது? வீட்டு வாசலிலேயே படகேறி, ஆற்றோடு போய்க் கப்பலைப் பிடித்திருப்பாரா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்படிப் போயிருக்க வாய்ப்பு குறைவு. வெட்டாற்றில் ஓடுவதும் காவிரித் தண்ணீர்தான்; அதைத் தேக்கும் மேட்டூர் அணை வந்ததே 1934-ல். அதற்கு முன் ஆடியில் நுரைபொங்க வரும் தண்ணீர், தை கழிந்ததும் வடிந்துவிடும். பங்குனியில் மாட்டுவண்டி ஆற்று மணலிலேயே இறங்கிப் போகும். நம் பக்கம் ஓடம் இருந்தது அக்கரை போகத்தான். நெடுகப் படகு போன வழி என்றால், 1860-களில் நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யத்துக்கு வெட்டிய கால்வாயைச் சொல்லலாம். அதில் முக்கியமாகப் போனது உப்பு.

அக்கரை போவதும் லேசுப்பட்ட காரியமில்லை. ஐப்பசி வெள்ளத்தில் ஓடக்காரர் மறுத்துவிட்டால் கரையிலேயே காத்துக் கிடக்க வேண்டியதுதான். அவசரக்காரர்கள் வாழைமரங்களைச் சேர்த்துக் கட்டித் தெப்பம் விடுவார்கள். எருமை வாலைப் பிடித்துக்கொண்டே நீந்திக் கரையேறியவர்களை என் அப்பத்தா பார்த்திருக்கிறார். உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் திருக்கொள்ளம்பூதூரில் ஐப்பசியில் ஓடத் திருவிழா நடக்கிறதே, போயிருக்கிறீர்களா? வெள்ளத்தில் ஓடம் தள்ள ஆளில்லாதபோது சம்பந்தர் பதிகம் பாடியே அக்கரை சேர்ந்த கதை அது. ஆற்றைக் கடந்து பிழைத்த ஜனங்களுக்குத்தான் அப்படி ஒரு விழா தோன்றும். எனக்கு அதை நினைத்தாலே நெஞ்சு நிறைந்துவிடும்.

சரி, உங்கள் கொள்ளுத்தாத்தா. 1861-லேயே நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் ரயில் வந்துவிட்டது. ஆற்றைத் தாண்டி, திருவாரூரில் ரயிலேறியிருப்பார். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. தள்ளித்தான் நங்கூரம் போடும். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு முதலில் படகில் ஏற வேண்டும். அலை தூக்கிப் போடும் அந்தப் படகிலிருந்து கப்பலுக்குத் தாவி ஏறுவதுதான் பயணத்திலேயே பயங்கரமான இடம். ஏறியபின் மேல்தளத்தில் பாயை விரித்துக்கொண்டு வெயிலிலும் மழையிலும் கிடக்க வேண்டியதுதான். அதற்கு முந்தைய தலைமுறை பாய்க்கப்பலில் தென்மேற்குக் காற்றோடு போய், வாடைக்காற்றில் திரும்பியது.

அவர் எந்த மாதம் கிளம்பினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மாதம் தெரிந்தால், அன்று வெட்டாற்றை ஓடத்தில் தாண்டினாரா, மணலில் நடந்தே தாண்டினாரா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.