பட்டு நரம்பும் பாம்புத் தோலும்: வாசகர் கேள்வி - பதில்

சீனப் பயணத்தில் ஒரு சிறிய நரம்பிசை அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். வீணை கற்கும் மகளும் வருகிறாள். முதலில் எதைப் பார்ப்பது?
- வாசகி, காட்பாடி

நேராகக் கூச்சின் என்ற சீன நரம்பிசைக் கருவி இருக்கும் பெட்டிக்குப் போய்விடுங்கள். மற்றவற்றை மிச்ச நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 120 செ.மீ. நீளப் பலகை, ஏழு தந்தி, சுரத்துக்கு விரல் வைக்கும் மெட்டுக் கட்டை ஒன்றுகூடக் கிடையாது. வீணையின் 24 மெட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது வெறும் பலகையாகத்தான் தெரியும். அதனால் மகளிடம் ஒரு வேலை கொடுங்கள்: வாசிப்பவருக்கு எதிர்ப்புற ஓரத்தில் பதித்திருக்கும் சிப்பிப் புள்ளிகளை எண்ணச் சொல்லுங்கள். மொத்தம் 13.

நடுவில் இருக்கும் 7-வது புள்ளி தந்தியின் சரிபாதி. 4-வதும் 10-வதும் கால், முக்கால். 5-வதும் 9-வதும் மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு. அந்த இடத்தில் இடது விரலால் தந்தியை அழுத்தாமல் பூப்போலத் தொட்டு, மீட்டியவுடன் எடுத்துவிட்டால் மணி அடித்தாற்போல் ஒலி வரும். ஒரு விரற்கடை தள்ளித் தொட்டால் ஒலி செத்துவிடும். அழுத்தித் தேய்த்து வாசிப்பது வேறு வகை. அதில் நம் கமகம் போன்ற இழைவைக் கேட்கலாம்.

மேற்பலகை பெரும்பாலும் பவுலோனியா, லேசான மரம். விரல் தேய்த்தே குழி விழும் என்பதால் அரக்கு மரத்துப் பாலோடு மான்கொம்புத் தூள் கலந்து பூசுகிறார்கள். பூச்சு ஓரிடத்தில் மேடாகிவிட்டாலும் தந்தி இரையும். பழைய கருவிகளில் இந்தப் பூச்சு வெடித்து, பாம்பு வயிற்று வரி போலவும் பூவிதழ் போலவும் கோடுகள் விழுந்திருக்கும். வயதைச் சொல்லும் அடையாளம் என்று அதைக் கொண்டாடுவார்கள். சூடேற்றிக் குளிர வைத்துப் போலியாக வெடிப்பு உண்டாக்குவோரும் உண்டு.

அடிப்பக்கம் தெரியும்படி கண்ணாடி வைத்திருந்தால் விடாதீர்கள். சுருதி கூட்டும் பிருடைகள் அங்கேதான் இருக்கும். அவற்றைத் திருகினால் பட்டுக் கயிறு முறுக்கேறித் தந்தியை இழுக்கும். அங்கே தொங்கும் குஞ்சம் அந்தக் கயிற்றின் நுனி.

சீனாவில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். வாசித்துக் காட்டும் நேரம் இருந்தால் முதல் வரிசையில் உட்காருங்கள், கூச்சினின் ஒலி மிகச் சிறியது.

பட்டில் தந்தி செய்வார்களாமே, எப்படி? எங்கள் ஊரிலும் பட்டு நூல்தான் பிழைப்பு.
- வாசகர், ஆரணி

நீங்கள் சேலைக்கு முறுக்கும் அதே பட்டுதான். பசை நீக்காத கச்சாப் பட்டு இழைகள் பலவற்றைச் சேர்த்து முறுக்கி, பசை கலந்த நீரில் வேகவைத்து, இழுத்துக் கட்டிக் காயவைக்கிறார்கள். தடித்த தந்திகளுக்கு மேலே இன்னொரு பட்டிழையைச் சுருளாகச் சுற்றுவார்கள். அந்தச் சுற்று தளர்ந்தால் விரல் தேய்க்கும்போது கரகரக்கும். ஈரக் காற்றில் சுருதி நிற்காது, இழுவை கூடினால் அறுந்துவிடும். இந்தத் தொல்லையால் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நைலான் சுற்றிய எஃகுத் தந்தி பரவிவிட்டது. சத்தமும் ஒலி நீடிக்கும் நேரமும் எஃகுக்கு அதிகம்தான். ஆனால் விரல் உரசும் அந்த மெல்லிய மூச்சு பட்டில்தான் இருக்கிறது. எந்தத் தந்தி கட்டியிருக்கிறது என்று விசாரித்துவிட்டு வாசிப்பைக் கேளுங்கள்.

வில்லால் வாசிக்கும் சீன எர்ஹூவுக்குப் பாம்புத் தோலாமே? ஒன்று வாங்கி வரலாமா?
- வாசகர், ஆம்பூர்

மலைப்பாம்புத் தோல். அறுகோண அல்லது எண்கோணப் பெட்டியின் முன்பக்கத்தில் இழுத்து ஒட்டியிருப்பார்கள். இரண்டே தந்தி, வில்லின் மயிர் இரண்டுக்கும் நடுவே மாட்டியிருக்கும். தோல் தொழிலில் இருக்கும் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்: ஈரத்தில் தளரும், ஒலி மந்தமாகும், வறண்டால் கிழியும்.

வாங்கி வராதீர்கள். மலைப்பாம்புகள் சைட்டீஸ் என்ற பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தத்துக்குள் வருகின்றன. உரிய அனுமதிச் சான்று இல்லாமல் விமான நிலையத்தில் இறங்கினால் கருவி பறிமுதலாகலாம், வழக்கும் வரலாம். கடைக்காரர் தரும் ரசீது அந்தச் சான்று ஆகாது. ஆசை இருந்தால் செயற்கைச் சவ்வு போட்டதைத் தேடுங்கள். ஹாங்காங் சீன இசைக்குழு அப்படிப்பட்ட கருவிகளையே மேடையில் வாசிக்கிறது.

சீன இசை எதைக் கேட்டாலும் மோகனம் போல இருக்கிறதே?
- வாசகர், குடியாத்தம்

உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. கொங், ஷாங், ஜுவே, ஜி, யூ என்ற ஐந்து சுரமும் நம் ச ரி க ப த, அதாவது மோகனமே. ஆதார சுரத்தை மாற்றினால் வேறு முறை பிறக்கும்: ரிஷபம் ஆதாரமானால் மத்தியமாவதி, காந்தாரம் இந்தோளம், பஞ்சமம் சுத்த சாவேரி, தைவதம் சுத்த தன்யாசி. இப்படி ஆதாரம் மாற்றும் கிரகபேதம் தெரிந்தவருக்கு இது விளையாட்டு. கூச்சினின் ஏழு தந்தியும் வழக்கமான சுருதியில் ப த ச ரி க ப த என்றே நிற்கும்.

21 தந்தி கொண்ட கூஜெங் என்ற சீனக் கருவியிலும் இந்த ஐந்துதான். மத்தியமம் வேண்டுமானால் காந்தாரத் தந்தியை, அதைத் தாங்கும் குதிரைக்கு இடப்புறம் அழுத்துவார்கள், நிஷாதத்துக்குத் தைவதத்தை. அழுத்தும் அந்த இடது கையைப் பாருங்கள், வீணையில் தந்தியை இழுத்து வாசிப்பது நினைவுக்கு வரும்.

தொட விடுவார்களா?
- வாசகி, இராணிப்பேட்டை

பெட்டிக்குள் இருப்பதை இல்லை. பழகும் கருவி தனியாக வைத்திருந்தால் கேளுங்கள். மோதிரத்தைக் கழற்றுங்கள், அரக்குப் பூச்சில் கீறல் விழும். தலைக்கு எண்ணெய் தடவிய கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள்.