இன்டர்வியூ வாசல் வரை போய்த் திரும்பி வரும் தம்பி

கேள்வி: என் தம்பி பி.காம். முடித்து இரண்டு வருடம் ஆகிறது. இன்டர்வியூவுக்குக் கிளம்பிப் போய் வாசலிலிருந்தே திரும்பிவிடுகிறான். புது நம்பரிலிருந்து போன் வந்தால் என்னை எடுக்கச் சொல்கிறான். வழிகாட்ட ஒருவர் கிடைத்தால் மாறுவானா?
– வாசகி, ஈரோடு

பதில்: மாறுவார். முதலில், அவருடைய போனை நீங்கள் எடுப்பதை நிறுத்துங்கள். தப்பித்ததும் வருகிற நிம்மதிதான் பயத்தை வளர்க்கிறது.

வழிகாட்டி வீட்டு ஆளாக இல்லாமல், கல்லூரி ஆசிரியராகவோ அதே துறையில் வேலை பார்க்கும் சீனியராகவோ இருப்பது நல்லது. வாரம் அரைமணி நேரம் போதும். முதல் சந்திப்பில் பயம் தரும் பத்துச் சூழல்களை எழுதி, பூஜ்யத்திலிருந்து 100 வரை மார்க் போடச் சொல்லட்டும். கடையில் விலை கேட்பது 20, கொரியர் ஆபீசுக்குப் போன் செய்வது 40, மூன்று பேர் முன் இன்டர்வியூ 95 என்று வரலாம். 40-இல் தொடங்கி, மார்க் பாதியாகும் வரை தினமும் அதையே செய்ய வேண்டும். செய்யுமுன் “குரல் நடுங்கும், சிரிப்பார்கள்” என்று பயப்படுவதை எழுதி, முடிந்ததும் உண்மையில் நடந்ததைப் பக்கத்தில் எழுத வேண்டும். இதை விடவே கூடாது.

பலரும் சறுக்குவது மனப்பாடத்தில். ஒரு வார்த்தை மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். படிப்பு, தெரிந்த வேலை (டேலி, ஜிஎஸ்டி), ஏன் இந்த வேலை என மூன்று குறிப்பு போதும். கை நடுக்கத்தை மறைக்க ஃபைலை இறுக்கிப் பிடித்தால் கவனம் முழுக்கக் கையில் போய், கேள்வியே காதில் விழாது. “சார், இன்னொரு தடவை சொல்ல முடியுமா?” என்று கேட்கவும் பழக்குங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நல்ல பயிற்சிக்களம். ஒரே இடத்தில் பல நிறுவனங்கள் இருக்கும். வழிகாட்டி முதல் முறை கூடவே நிற்கலாம், ஆனால் தம்பிக்காகப் பேசக்கூடாது. அடுத்த முறை வாசலோடு நிற்கட்டும், அதற்கடுத்து போனில் மட்டும்.

வீட்டைவிட்டே வெளியே வராவிட்டாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னாலோ, தாமதிக்காமல் அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். படபடப்புக்கு மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். அவற்றில் சில ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து.

வேலை கிடைத்ததும் வழிகாட்டியை விட்டுவிட வேண்டாம். மேலாளரிடம் சந்தேகம் கேட்பதும், மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதும் அப்போதுதான் பயமாக வரும். முதல் மாதம் வாராவாரம் பேசட்டும்.