சர்ஃபாக்டன்ட் கொடுத்தும் குழந்தை தேறவில்லையா?

கேள்வி: 38 வாரத்தில் பிறந்த எங்கள் மகள் 9 நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறாள். சர்ஃபாக்டன்ட் மருந்து இரண்டு முறை கொடுத்தும் சில மணி நேரம்தான் தேறினாள். தொற்று இல்லை, இதயமும் சரியாக இருக்கிறதாம். முதல் குழந்தையும் இப்படித்தான் ஒரு மாதத்தில் இறந்தது. நான் அக்கா மகளைத்தான் மணந்திருக்கிறேன். மரபணுப் பரிசோதனை அவசியமா?

பதில்: அவசியம், அதுவும் இன்றைக்கே. மூச்சு விடும்போது நுரையீரலின் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட். குறைமாதக் குழந்தைக்கு அது போதாமல் இருப்பது சகஜம். நிறைமாதக் குழந்தைக்கு மருந்தாகக் கொடுத்தும் நிலைக்கவில்லை என்றால், உடலால் அதைச் சரியாக உருவாக்கவே முடியவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். எஸ்எஃப்டிபிபி, ஏபிசிஏ3 மரபணுக்களில் பழுது இருந்தால் இப்படி ஆகலாம். நீங்கள் இருவரும் ஆளுக்கொரு பழுதைச் சுமந்தபடி ஆரோக்கியமாக இருப்பீர்கள். இரண்டும் குழந்தைக்குச் சேர்ந்து வர ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீத வாய்ப்பு உண்டு.

எந்தப் பழுது என்பதை எக்ஸ்ரே சொல்லாது. குழந்தையிடம் 2 மில்லி ரத்தம் ஊதா மூடிக் குழாயில் எடுக்கட்டும். உங்கள் இருவருடையதும் கூடவே போக வேண்டும். ரத்தம் ஏற்றுவதாக இருந்தால் அதற்கு முன்பே எடுப்பது நல்லது. இப்போது பணம் இல்லையென்றால் டிஎன்ஏவை மட்டுமாவது பிரித்துச் சேமிக்கச் சொல்லுங்கள்.

வார்டு வாசலில் ஏஜென்ட்கள் வருவார்கள். 'ஆயிரக்கணக்கான மரபணு பார்க்கும் பேக்கேஜ்' என்பார்கள். குழந்தைகள் நல மருத்துவரோ மரபணு ஆலோசகரோ எழுதித் தராமல் கையெழுத்துப் போடாதீர்கள். தொப்புள்கொடி ரத்த வங்கி இதைக் குணமாக்கும் என்றால் நம்பவே வேண்டாம். குழந்தையின் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே பழுதுதானே இருக்கும்!

இன்னொன்று. அறிக்கை 'நார்மல்' என்று வந்தால் நோய் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களே சரியாக உருவாகாத நோய் ஒன்று உண்டு. அதில் ஃபாக்ஸ்எஃப்1 மரபணு நன்றாக இருந்து, அதை இயக்கும் பக்கத்துப் பகுதி மட்டும் அழிந்திருக்கலாம். வழக்கமான எக்ஸோம் சோதனை, அதாவது மரபணுக்களில் புரதத்துக்கான குறிப்பு உள்ள பகுதிகளை மட்டும் படிக்கும் சோதனை, அதைத் தவறவிடும். டிஎன்ஏவில் துண்டுகள் அழிந்திருக்கின்றனவா என்று பார்க்கும் குரோமோசோம் மைக்ரோஅரே சோதனை தேவையா என்று கேளுங்கள். சில சமயம் நுரையீரல் திசுவைத்தான் பார்க்க வேண்டிவரும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எஸ்எஃப்டிபிபி முற்றிலும் செயலிழந்திருந்தால் நுரையீரல் மாற்று தவிர வழியில்லை. ஏபிசிஏ3-இல் சில குழந்தைகள் பிழைக்கிறார்கள். பழுது எதுவென்று தெரிந்தால் அடுத்த கர்ப்பத்தில் 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவிலேயே சோதிக்கலாம்.

முதல் குழந்தை இறந்தபோதே இதைச் செய்திருக்க வேண்டும். 'மூச்சுத்திணறல்' என்று ஒரே வார்த்தை எழுதிக் கோப்பை மூடும் வழக்கம் இன்னும் எத்தனை வருடம் தொடரும்? அந்தக் குழந்தைக்குக் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தப் பொட்டு அட்டை எங்காவது இருக்கிறதா என்று பிரசவம் பார்த்த இடத்தில் விசாரியுங்கள். காய்ந்த ரத்தத்திலும் டிஎன்ஏ கிடைக்கும்.