‘தக்க நடவடிக்கை எடுக்குமாறு’ என்று புகாரை முடிக்காதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு வயது 19. தென் மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. பார்வைக் குறைபாடு 55 சதவீதம், யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறது. லென்ஸ் வைத்துத் தானே படித்துத் தானே எழுதுவாள். பெரிய எழுத்தில் கேள்வித்தாளும் கூடுதல் நேரமும் கேட்டோம். ‘ஸ்கிரைப் (சொல்லச் சொல்ல விடை எழுதித் தருபவர்) வைத்தால்தான் கூடுதல் நேரம்’ என்று தேர்வுப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். இரண்டு இன்டர்னல் தேர்விலும் கடைசிக் கேள்விகளைத் தொடாமலே தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். இதற்கிடையில் லேபில் ஓர் உதவிப் பேராசிரியர், ‘உனக்குத்தான் ரீடிங் தெரியாதே’ என்று கையைப் பிடித்து பியூரெட்டில் (திரவத்தை அளக்கும் கண்ணாடிக் குழாய்) வைப்பதும் தோளில் சாய்ந்து நிற்பதுமாக இருந்திருக்கிறார். இவள் தோழியைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள ஆரம்பித்ததும் செய்முறை மதிப்பெண் குறைந்துவிட்டது. கடைசியாக நடந்து இரண்டு மாதம் ஆகிறது. முதல்வர் ‘பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்கிறார். என்ன செய்வது?

பதில்:

அம்மா, முதலில் காலண்டரைப் பாருங்கள். பாலியல் துன்புறுத்தல் புகாரைக் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், ஆனால் அந்தக் காரணத்தை நீங்கள் விளக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதை முதல்வர் அறை வாசலில் காத்திருந்தே தீர்த்துவிடாதீர்கள்.

இங்கே இருப்பது இரண்டு புகார். இரண்டையும் ஒரே தாளில் போட்டு முதல்வரிடம் கொடுத்தால் இரண்டுமே அமுங்கிப்போகும். லேபில் நடந்தது கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும், ஐசிசி என்பார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டமும், 2016 மே மாதம் அரசிதழில் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஒழுங்குமுறைகளும் இந்தக் குழுவை ஒவ்வொரு கல்லூரிக்கும் கட்டாயமாக்கியிருக்கின்றன. தலைமை ஒரு மூத்த பெண் பேராசிரியர். உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர், மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவப் பிரதிநிதிகளும் உண்டு. துறைத் தலைவரோ டீனோ அதில் உறுப்பினராக இருக்கக் கூடாது. குழுவின் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தர இழுத்தடித்தால் அந்த இழுத்தடிப்பையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

‘பேசி முடிப்பது’ பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சமரசம் என்ற பேச்சைப் புகார் கொடுத்தவர்தான் எடுக்க முடியும், கல்லூரி எடுக்க முடியாது. அப்படியே பேசினாலும் பணத்தை அடிப்படையாக வைத்துப் பேசக் கூடாது. உங்கள் மகள் கேட்கவில்லை, அதனால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று முதல்வரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

சரி, இப்போது நான் முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். என்னிடம் வரும் புகார் மனுக்கள் பெரும்பாலும் ‘தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்றுதான் முடிகின்றன. கல்லூரியும் தனக்குத் தோன்றிய ஒரு நடவடிக்கையை எடுத்து, சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு எச்சரித்ததாக ஒரு கடிதம் கொடுத்து ஃபைலை மூடிவிடும். ஆசிரியர் எச்சரிக்கப்பட்டார், சரிதான், உங்கள் மகளுக்கு என்ன திரும்பக் கிடைத்தது? இழந்தது மதிப்பெண், நேரம், பயமில்லாமல் லேபில் நிற்கும் உரிமை. இவை ஒவ்வொன்றும் எப்படித் திரும்ப வேண்டும் என்பதை மனுவிலேயே எழுத வேண்டும், ஏனென்றால் கேட்காததைக் கல்லூரி தானாக நினைத்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவிக்காக வாதாடினேன். கல்லூரி உடனே தீர்வு கொடுத்தது, அவளை வேறு லேப் பேட்ச்சுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த பேட்ச் காலை ஏழரைக்கு, அவள் ஊரிலிருந்து முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய், தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் நின்றாள். அந்த ஆசிரியர் பழைய நேரத்தில், பழைய லேபில், வழக்கம்போல இருந்தார். தொந்தரவு பட்டவளையே நகர்த்துவதற்குப் பெயர் தீர்வு இல்லை. அந்த வழக்கை இன்னும் கோபத்தோடுதான் நினைக்கிறேன்.

அதனால் உங்கள் ஐசிசி மனுவில் இடைக்காலமாகவே கேளுங்கள்: அந்த ஆசிரியர் இவளுடைய ரெக்கார்டு நோட்டு, செய்முறைத் தேர்வு, இன்டர்னல் எதையும் திருத்தக் கூடாது. யுஜிசி ஒழுங்குமுறையிலேயே இதற்கு நேரடியாக இடம் இருக்கிறது. அவர் இவளிடமிருந்து விலகி இருக்க எச்சரிக்கவும், யாரையாவது மாற்றுவதானால் அவரை மாற்றவும் கேளுங்கள். ஏற்கெனவே குறைத்த செய்முறை மதிப்பெண்ணை வேறொருவர் ரெக்கார்டையும் அப்சர்வேஷன் நோட்டையும் வைத்து மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோழி பக்கத்தில் நிற்பதற்கு முன்னும் பின்னும் வாங்கிய மதிப்பெண்களைத் தேதியோடு ஒரு பக்கத்தில் எழுதி இணைத்தால் அதுவே பாதி சாட்சி. அந்தத் தோழி பேசத் தயாரா என்று மட்டும் கேட்டு வையுங்கள், என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், அதன்பின் பத்து நாளில் அறிக்கை, அறிக்கை கிடைத்து 30 நாளில் நிர்வாகம் செயல்பட வேண்டும். குற்றம் உறுதியானால் மன உளைச்சல், மருத்துவச் செலவு, எதிர்கால வேலைவாய்ப்பில் ஏற்பட்ட இழப்பு எல்லாவற்றுக்கும் இழப்பீடு பரிந்துரைக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. போலீஸுக்குப் போகும் வழி தனியாக இருக்கிறது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-வது பிரிவு. ஐசிசி நடக்கிறது என்பதற்காக அது அடைபடாது. எப்போது போவது, போவதா வேண்டாமா என்பதை மகள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது தேர்வு. தேர்வுப் பிரிவில் சொன்னது தவறு. மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர் ஸ்கிரைப் வைத்துக்கொள்ளாவிட்டாலும் மூன்று மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் கூடுதலாகத் தரலாம். அந்தக் கணக்கில் ஒன்றரை மணி நேர இன்டர்னலுக்கு அரை மணி நேரம் வரும். பெரிய எழுத்துக் கேள்வித்தாளும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. உங்கள் மகளைப்போல ஓரளவு பார்வை உள்ளவருக்கு ஸ்கிரைப் வேண்டுமென்றால்தான் அரசு மருத்துவமனையின் தனிச் சான்றிதழ் தேவைப்படும், உங்கள் மகள் ஸ்கிரைப்பே கேட்கவில்லையே. வழிகாட்டுதல் அரசுத் தேர்வுகளுக்குத்தான் என்று யாராவது மழுப்பினால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 16, 17-வது பிரிவுகளைக் காட்டுங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் எதுவானாலும் அவரவர் தேவைக்கேற்ற நியாயமான வசதி செய்ய வேண்டும், தேர்வில் கூடுதல் நேரம் என்பது சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. அப்படி ஒரு வசதியை மறுப்பதையே பாரபட்சம் என்கிறது 2-வது பிரிவு. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமும், இது யாரோ காட்டும் கருணை இல்லை, உரிமை என்ற இடத்தில்தான் நின்றது.

‘முடிந்துபோன தேர்வுக்கு என்ன செய்ய முடியும்?’ என்று கேட்பார்கள், எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். அதே 2021-இல் நீட் எழுதிய டிஸ்கிராஃபியா (எழுதுவதில் சிரமம் தரும் குறைபாடு) உள்ள ஒரு மாணவிக்குக் கூடுதல் ஒரு மணி நேரம் தராமல் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். 15 லட்சம் பேருக்கு மேல் எழுதிய தேர்வை அவருக்காக மறுபடி நடத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிடவில்லை. ஆனால் தேர்வு முகமை கையை விரிக்கவும் விடவில்லை, நடந்த அநீதியை எப்படிச் சரிசெய்யலாம் என்று ஒரு வாரத்தில் பார்க்கச் சொன்னது. அவ்னி பிரகாஷ் வழக்கு அது. நீட்டுக்கே அப்படியென்றால் ஒரு துறையில் நடக்கும் இன்டர்னலை ஒரே மாணவிக்கு, பெரிய எழுத்தில், இரண்டு மணி நேரம் கொடுத்து மறுபடி வைப்பதில் கல்லூரிக்கு என்ன கஷ்டம்? அதைத்தான் கேளுங்கள்: இரண்டு தேர்வுக்கும் மறுதேர்வு, இனி வரும் செமஸ்டர் உட்பட எல்லாவற்றுக்கும் எழுத்துப்பூர்வ உத்தரவு, அதன் நகல் தேர்வுக் கண்காணிப்பாளர் கையில். அப்புறம் பியூரெட் அளவைப் படிக்க லேபில் பெண் உதவியாளர் ஒருவர். உதவி தேவைப்பட்ட இடத்தில் கல்லூரி ஏற்பாடு செய்யாமல் விட்டதுதான் அந்த ஆளுக்குச் சாக்காகிவிட்டது, இதை மனுவில் ஒரு வரியாவது எழுதுங்கள்.

தேர்வு பற்றிய இந்த மனு கல்லூரியின் மாணவர் குறைதீர்க் குழுவுக்கு. யுஜிசியின் 2023 ஒழுங்குமுறைப்படி அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகம் நியமித்திருக்கும் ஆம்பட்ஸ்பெர்சனிடம் (குறைகேள் அதிகாரி) 15 நாளில் மேல்முறையீடு. கூடவே ஒரு நகலைச் சென்னையில் இருக்கும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சம்மன் அனுப்பவும் ஆவணம் கேட்கவும் அவருக்கு சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு, அவர் பரிந்துரைத்தால் என்ன செய்தோம் என்று மூன்று மாதத்தில் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அவர் தடையாணை தர முடியாது. செமஸ்டர் தேர்வு நெருங்கியும் கூடுதல் நேரம் கிடைக்கவில்லை என்றால் காத்திருக்காமல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போட வேண்டியதுதான். வக்கீல் ஃபீஸை நினைத்துத் தயங்காதீர்கள். பெண்ணுக்கும் மாற்றுத்திறனாளிக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கும், போனில் கேட்க 15100.

எந்த மனுவானாலும் இரண்டு நகல், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே மின்னஞ்சல். உங்கள் மகள் மேஜர், மனு அவள் பெயரில், அவள் கையெழுத்தில் போக வேண்டும். நீங்கள் எழுதிக்கொடுத்தாலும் அவளே லென்ஸ் இல்லாமல் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் அச்சடித்து அவள் கையில் கொடுங்கள். விசாரணையில் ஒவ்வொரு வரிக்கும் அவளைத்தான் கேட்பார்கள், அவள் சொல்லாதது எதுவும் அதில் இருந்தால் கையெழுத்துக்கு முன் அடித்துவிடட்டும்.