அம்பாசிடர், பத்மினி போன்ற பழைய கார்களுக்கு இப்போது கடையில் கிடைக்கும் இன்ஜின் பாகங்களை நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். வாங்காமல் வேறு வழியும் இல்லை. ஆனால் பெட்டியைப் பிரித்த கையோடு இன்ஜினில் போட்டுவிடாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தை உடனே எடைக்குப் போடவும் வேண்டாம். இந்த இரண்டு தப்பையும் நான் செய்தேன், செலவும் அதில்தான் வைத்தது.

என்னுடையது அப்பா வாங்கிய 1986 அம்பாசிடர். 1489 சிசி பெட்ரோல். வீடு பெங்களூர் அல்சூரில், வண்டிக்கு வேலை பார்ப்பது கலாசிபாளையம் பக்கம் ஒரு சின்ன கராஜில். மேஸ்திரி தர்மபுரிக்காரர், இந்த இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். மூன்று வருடம் முன்பு முழு இன்ஜின் வேலை பார்த்தோம். உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் பாதி நாள் சுற்றி பிஸ்டன் ரிங், பேரிங், கேஸ்கெட் செட் எல்லாம் வாங்கினேன். பழைய டப்பெட்டுகள் (கேம் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டின் தள்ளலை வால்வுக்குக் கொண்டுபோகும் சின்ன இரும்பு உருளைகள்) எட்டும் உண்மையில் நன்றாகத்தான் இருந்தன. "இவ்வளவு செலவு செய்கிறோம், இதையும் புதுசாகப் போட்டுவிடலாமே" என்று சொன்னது நான்தான். "ஃபர்ஸ்ட் குவாலிட்டி சார், கண்ணை மூடிட்டுப் போடுங்க" என்றார் கடைக்காரர். போட்டோம்.

எண்ணூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ஓசூர் போய்த் திரும்பும்போது அத்திபெலே டோல் அருகே டிக் டிக் என்று ஒரு சத்தம். இன்ஜின் மேலிருக்கும் ராக்கர் கவரைத் திறந்து பார்த்தால் ஒரு வால்வில் மட்டும் இடைவெளி அதிகம். ஃபீலர் கேஜ் வைத்துச் சரி செய்தோம். அடுத்த ஞாயிறு அதே சத்தம், அதே வால்வு. மூன்றாவது தடவை மேஸ்திரி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, இது ஸ்க்ரூ லூஸ் இல்ல. கீழ எதுவோ கரையுது."

பக்கவாட்டு மூடியைத் திறந்து டப்பெட்டை வெளியே எடுத்தோம். அடிப்பாகம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். அதைத் தள்ளும் கேம் ஷாஃப்ட்டின் மூக்கும் (புடைப்பும்) மழுங்கிப் போயிருந்தது. இன்னும் இரண்டு டப்பெட்டில் அதே நோய் ஆரம்பம். அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றினால் ஆயிலில் வெள்ளிப் பொடி மினுக்கியது.

பழைய டப்பெட் ஒன்று மட்டும் தப்பியிருந்தது. மேஸ்திரியின் மேசையில் பில் புத்தகம் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருந்தார். மற்ற ஏழும் இரும்பு வியாபாரியிடம் போயிருந்தன. அந்த ஒன்றையும் புதியதில் கெடாத ஒன்றையும் அடியோடு அடி சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பழையதைப் பிடித்து அசைத்தால் லேசாக ஆடியது, ஓரத்தில் மயிரிழை வெளிச்சம். இரண்டு புதியவற்றைச் சேர்த்தால் கண்ணாடி மேல் கண்ணாடி வைத்த மாதிரி ஒட்டி நின்றன. கோளாறு அங்கேதான். டப்பெட்டின் அடி பார்க்கத் தட்டையாகத் தெரிந்தாலும் கொஞ்சம் குவிந்திருக்க வேண்டும். கேமின் மூக்கும் லேசான சாய்வோடு இருக்கும். அப்போதுதான் ஒவ்வொரு தள்ளலிலும் டப்பெட் சற்றே சுழன்று தேய்மானம் பரவும். தட்டையாக இருந்தால் சுழலாது, ஒரே கோட்டில் உரசி உரசித் தின்றுவிடும். அப்புறம் ஒரு அரத்தை எடுத்து இழுத்துக் காட்டினார். பழையதில் அரம் வழுக்கியது. புதியதில் கடித்தது. பதப்படுத்தல் சரியில்லை என்று தெரிந்துகொள்ள அதற்கு மேல் கருவி தேவைப்படவில்லை.

கடைக்காரரிடம் கொண்டுபோனால், "ஆயில் மாத்தி ஊத்தியிருப்பீங்க சார்." இதில் ஒரு நியாயம் உண்டு. இப்போதைய மெல்லிய 5டபிள்யூ-30 வகை ஆயில்களில், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்காக பாஸ்பரஸைக் குறைத்துவிட்டார்கள். கூடவே இந்த மாதிரி டப்பெட்டைக் காப்பாற்றும் துத்தநாகச் சேர்மமும் குறைந்துவிட்டது. ஆனால் நான் ஊற்றியது 20டபிள்யூ-50. பணம் திரும்பவில்லை. அப்படியே வந்தாலும் எட்டு டப்பெட்டின் விலைதான் வரும். கேம் ஷாஃப்ட்டுக்கும் இரண்டாவது முறை பிரித்த கூலிக்கும் யார் தருவார்கள்?

ஏன் இப்படி? அம்பாசிடர் செய்த உத்தரபாரா தொழிற்சாலை 2014இல் நின்றது. பத்மினி அதற்கும் பல வருடம் முன்பே நின்றுவிட்டது. கம்பெனி இருந்தவரை சப்ளையர் அனுப்பும் பாகத்தை அளந்து பார்த்துத் திருப்பியனுப்ப ஒருவர் இருந்தார். இப்போது அந்த ஆள் நீங்களும் உங்கள் மெக்கானிக்கும்தான். பல நேரம் வரைபடமே இல்லாமல், ஓடித் தேய்ந்த ஒரு பாகத்தைப் பார்த்து நகல் எடுக்கிறார்கள். தேய்மானமும் சேர்ந்தே நகலாகிவிடுகிறது. இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. எம்ஜிஏ என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் அம்பாசிடரின் குடும்பத்து இன்ஜின்தான், அங்கேயும் மட்டமான டப்பெட், ரோட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் சுழலும் துண்டு) என்றுதான் புலம்புகிறார்கள்.

ரோட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. வண்டி சூடானதும் நின்று, அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பினால் பெட்ரோல் பம்பைப் பிரிக்கும் முன் ரோட்டரையும் இக்னிஷன் கண்டன்சரையும் மாற்றிப் பாருங்கள். மட்டமான ரோட்டரில் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட்டுக்கும் கீழே இருக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் மெலிசு. சூட்டில் மின்சாரம் அதை ஓட்டை போட்டு ஷாஃப்ட்டுக்கே இறங்கிவிடும். ரிவெட் இல்லாத வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். டிக்கியில் ஒரு பழைய நல்ல ரோட்டர், ஒரு பழைய கண்டன்சர் எப்போதும் கிடக்கட்டும்.

ரிங் போடும்போது ஒவ்வொன்றையும் வெறும் போருக்குள் (சிலிண்டர் துளைக்குள்) இறக்கி, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். விட்டத்தில் 25 மி.மீ.க்குச் சுமார் 0.1 மி.மீ. என்பது பொதுக் கணக்கு. 68 மி.மீ. போர் உள்ள பத்மினிக்கு 0.27, 73 மி.மீ. அம்பாசிடருக்கு 0.3 அளவில் வரும். கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும். பேரிங்கில் பெட்டிமேல் 10 தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று இருக்கும், உள்ளே 20 தௌ இருக்கும். எனக்கே நடந்திருக்கிறது. தெர்மோஸ்டாட் சூட்டில் திறக்கிறதா என்று வெந்நீர்ச் சட்டியில் போட்டுப் பார்ப்பது வீட்டிலேயே ஆகும் வேலை, மனைவி ஒத்துக்கொண்டால்.

ரப்பர் விஷயத்தில் மட்டும் மேலே சொன்னதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனோ டப்பெட்டோ முப்பது வருடப் பழைய ஸ்டாக் கிடைத்தால் கொண்டாடலாம். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், ஆயில் சீல், பெட்ரோல் ஹோஸ் பழைய ஸ்டாக்கில் வேண்டவே வேண்டாம். பெட்டிக்குள்ளேயே விறைத்திருக்கும். போதாததற்கு இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதைத் தாங்கும் விட்டான் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள்.

என் வண்டிக்குக் கடைசியில் என்ன ஆனது என்றால், சிவாஜிநகர் குஜிரியில் (பழைய பாகச் சந்தையில்) நான்கு ஞாயிறு அலைந்து ஓடிய ஒரிஜினல் டப்பெட் ஏழு பொறுக்கினோம். பீன்யாவில் ஒரு கிரைண்டிங் பட்டறையில் அடியைப் பழைய குவிவோடு திருத்தித் தந்தார்கள். கேம் ஷாஃப்ட் ஒரு பழைய கடையின் பரணில் கிரீஸ் தாளோடு கிடைத்தது. எட்டாவது டப்பெட் மேஸ்திரி மேசையில் இருந்த அதேதான். இப்போது அவர் பில் புத்தகத்தின் மேல் அந்த அம்மைத் தழும்புக்காரன் உட்கார்ந்திருக்கிறான்.