கொழுப்பு கம்மின்னு போட்ட சிப்ஸ் ஃபேட்டி லிவருக்கு ஒத்துக்குமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 41, திருப்பூர்ல உக்காந்து கணக்கு எழுதற வேலை. ஸ்கேன்ல கிரேடு 1 ஃபேட்டி லிவர் (கல்லீரல்ல கொழுப்பு சேர்றதோட ஆரம்ப நிலை), ட்ரைகிளிசரைடு (ரத்தத்துல ஓடற ஒரு வகை கொழுப்பு) 260. பஜ்ஜி, மிக்சர் எல்லாத்தையும் விட்டுட்டு தினமும் சாயங்காலம் கொழுப்பு கம்மியான பேக்டு உருளைக்கிழங்கு சிப்ஸ் ரெண்டு சின்ன பாக்கெட் சாப்பிடறேன். நாலு மாசமாச்சு, ட்ரைகிளிசரைடு குறையவே இல்ல. இத எப்படி செய்றாங்க, உள்ள என்னதான் போடறாங்க?

பதில்: பஜ்ஜிய விட்டது நல்ல காரியம்ங்க, அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா அந்த எடத்துல நீங்க கொண்டு வந்து வச்சது பாருங்க, அங்கதான் சிக்கல்.

சாதா சிப்ஸ் பச்சை உருளைக்கிழங்க சீவி எண்ணெயில போடறது. கிழங்குல முக்கால்வாசிக்கு மேல தண்ணி, பொரியும்போது அது ஆவியா வெளிய போகுது, அதனாலதான் ஒரு கிலோ சிப்ஸுக்கு கிட்டத்தட்ட நாலு கிலோ கிழங்கு வேணும். பலருக்கு தெரியாத விஷயம் என்னன்னா எண்ணெய் பெரும்பாலும் பொரியும்போது உள்ள போறதில்ல, வெளிய எடுத்து ஆறும்போதுதான் உள்ள இருக்கற ஆவி குளுந்து ஒட்டிட்டிருக்கற எண்ணெய உறிஞ்சிக்குது. அதனால சில கம்பெனிங்க சூடு ஆறறதுக்குள்ளயே நீராவி அடிச்சோ வேகமா சுத்தவிட்டோ மேல இருக்கற எண்ணெய எடுத்துடறாங்க. (வீட்ல வடைய எடுத்த உடனே பேப்பர்ல போடறாங்களே, அதே விஷயம்தான்.) இது கிழங்கு சிப்ஸ்தான், எண்ணெய் மட்டும் கொஞ்சம் கம்மி.

நீங்க சாப்பிடற பேக்டு வகை பெரும்பாலும் வேற கதை. வேக வச்சு காய வச்ச கிழங்கு ஃபிளேக்ஸ், கூட கார்ன் ஸ்டார்ச், சர்க்கரை, கொஞ்சம் எண்ணெய், ஒட்டாம இருக்க லெசித்தின், எல்லாத்தையும் மாவா பிசைஞ்சு தட்டையா தேச்சு வெட்டி ஓவன் அடுப்புல சுடறாங்க. லெசித்தினுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். எண்ணெய் குறைஞ்ச எடத்துல மாவு ஏறிடுது, கவனிக்க வேண்டியது அதுதான்.

28 கிராம் பாக்கெட்னு வச்சுக்குவோம். சாதா சிப்ஸ்ல சுமார் 10 கிராம் கொழுப்பு, 15 கிராம் மாவுச்சத்து, 160 கலோரி. பேக்டுல சுமார் 3.5 கிராம் கொழுப்பு, 22 கிராம் மாவுச்சத்து, 120 கலோரி. நீங்க ரெண்டு சாப்பிடறீங்க, அப்ப 44 கிராம் மாவுச்சத்து, 240 கலோரி, நாலஞ்சு சின்ன இட்லி சாப்பிட்ட மாதிரி, அதுக்கப்புறம் ராத்திரி சாப்பாடும் இருக்கு. தேவைக்கு மேல போற மாவையும் சர்க்கரையையும் லிவர் கொழுப்பா மாத்தி ட்ரைகிளிசரைடா ரத்தத்துல விடும். நீங்க எண்ணெய மட்டும் எதிரியா பாத்தீங்க, அதான் நம்பர் அசையல.

ஒரு காலத்துல அமெரிக்காவுல உடம்புல ஜீரணமே ஆகாத ஓலெஸ்ட்ரான்னு ஒரு எண்ணெய 1996ல அனுமதிச்சு அதுல சிப்ஸ் பொரிச்சாங்க, வயித்த வலிக்கலாம், வயித்தால போகலாம்னு பாக்கெட்லயே எழுத வேண்டியிருந்துச்சு! நல்லவேளை, நம்ம பிரச்சனை அது இல்ல.

லேபிள்ல வார்த்தைய கவனிங்க. "குறைந்த கொழுப்பு"ன்னா நம்ம நாட்டு விதிப்படி 100 கிராமுல 3 கிராமுக்கு மேல போகக்கூடாது. "50% கம்மி"ன்னா சாதா சிப்ஸோட ஒப்பிட்டு மட்டும்தான். 100 கிராம் சாதா சிப்ஸ்ல இருக்கற சுமார் 35 கிராம் கொழுப்புல பாதி போனாலும் 17 கிராமுக்கு மேல மீதி இருக்கே. பாக்கெட்ட திருப்பி 100 கிராமுக்கு எவ்வளவு கார்போஹைட்ரேட்னு (அதான் மாவுச்சத்து) பாருங்க, 70ஐ தாண்டுச்சுன்னா உங்களுக்கு அது டயட் சாப்பாடு இல்ல. சோடியம் எவ்வளவுன்னும் பாருங்க, அத 2.5ஆல பெருக்கினா உப்பு, ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம்தான் கணக்கு.

நானும் கிரிக்கெட் பாக்கறப்ப சிப்ஸ் சாப்பிடற ஆளுதான், அதனால ஒரேயடியா விடுங்கன்னு சொல்ல மாட்டேன். வாரத்துக்கு ஒரு சின்ன பாக்கெட், அது சாதாவோ பேக்டோ உங்க இஷ்டம். மத்த நாள் சாயங்காலம் அவிச்ச கொண்டக்கடலையோ ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ வச்சுக்கோங்க, ஜூஸும் சர்க்கரை போட்ட டீயும் இருந்தா அதையும் சேர்த்து குறைங்க. சாராயம் பத்தி நீங்க எதுவும் எழுதல, இருந்தா நிறுத்தியே ஆகணும். மூணு மாசம் கழிச்சு 12 மணி நேரம் வெறும் வயித்துல இருந்து ட்ரைகிளிசரைடு திரும்ப பாருங்க, கூடவே மூணு மாச சராசரி சர்க்கரை டெஸ்டும் எடுத்துட்டு உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க.